சித்தி கொண்டுவந்த வரிக்கல்

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறையில் அது இருக்கிறது. மேலே வரிவரியாக மேடும் பள்ளமும் வைத்த, கனத்த வார்ப்பிரும்புக் கல். கிரில் பேன் என்கிறார்கள். குடைமிளகாயையும் பனீரையும் அதில் வாட்டி, மேலே விழுந்த கறுப்புக் கோடுகளைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் போனால் கூப்பிட்டு வேறு காட்டுகிறார்கள். நமக்கெல்லாம் அது புதுசு என்று நினைப்பு. நானும் தலையை ஆட்டிவைக்கிறேன். எங்கள் சித்தூர் வீட்டுக்கு அந்தக் கல் எனக்குப் பத்து வயது நடந்தபோதே வந்துவிட்டது. வந்த வருடமே எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தும் விட்டது. இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் போனைக் கீழே வைக்கவா போகிறார்கள்? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நைனாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் சித்தப்பாவுக்கு, பாகாலாவில் பெண் எடுத்தார்கள். சித்தியின் அப்பா பாகாலா ஜங்ஷனில் ரயில்வே சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரர். அந்தக் கூடத்தை மூடியபோது கழித்துப் போட்ட சாமான்களில் இந்தக் கல்லும் ஒன்று. பெரிய அதிகாரிகள் வந்தால் அவர்களுக்குக் கோழியும் மீனும் வாட்டிய கல்லாம். மகளை அனுப்பும்போது எவர்சில்வர் சீர் பாத்திரங்களுக்கு நடுவில் அதையும் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். சாக்கைப் பிரித்ததும் அம்மா அதைப் பார்த்து, "இன்னாம்மா இது, உழுத கழனி மாதிரி இருக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அம்மா அந்தக் கல்லைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

தோசைக்கல்லை நாம் கல் என்கிறோம் இல்லையா, அதேபோல் இது வரிக்கல் ஆயிற்று. புகை அதிகம் என்பதால் சித்தி அதைச் சமையலறைக்குள் கொண்டுவரவில்லை. பின்கட்டில் கரி அடுப்பை வைத்து அதன்மேல் போட்டாள். கல் காய்வதற்கே அவ்வளவு நேரம் ஆகும். அதுவரை ஒன்றும் செய்யாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கத்திரிக்காயை நீளவாக்கில் அரிந்து, எண்ணெயைக் கல்லில் தடவாமல் துண்டில் தடவி, ஒவ்வொன்றாகப் படுக்க வைப்பாள். வைத்த பிறகு தொடக் கூடாது. நான் கரண்டியை நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள்.

"அதுவா விடும். விடலன்னா இன்னும் வேவலன்னு அர்த்தம். நீ ஏன் அவசரப்படற?"

சொன்னது போலவே கொஞ்ச நேரத்தில் துண்டு தானாக அசைந்து கொடுக்கும். திருப்பினால் கோடு. சீராக, சாய்வாக, ரூல் போட்டதைப் போலக் கோடு. வாட்டிய கத்திரிக்காயை வேர்க்கடலைச் சட்னியோடு பிசைந்து சூடான களிக்கு வைப்பாள். அன்று வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அது மாங்காய் சீசன். நைனா மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். அடிபட்ட தோத்தாபுரிகளைத் தோள்துண்டில் முடிந்து கொண்டுவருவார். நாங்கள் அதை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத்தான் தின்போம். சித்தி அரைப்பழமாக இருப்பதைத் தடிமனாக அரிந்து வரிக்கல்லில் வாட்டினாள். புளிப்பும் இனிப்பும் புகையும் சேர்ந்து ஓரம் கருகிய அந்தத் துண்டை நினைத்தால் இப்போதும் தாடைக்குக் கீழே நீர் சுரக்கிறது. நைனா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, "பாகுந்தி" என்றார்.

அந்தச் சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மண்டியில் நல்ல சரக்கு வந்து இறங்கினால் நைனா தெலுங்கில் சொல்லும் சொல் அது. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்குப் புகழத் தெரியாது. வீட்டுக்குள் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அம்மா இத்தனை வருடம் சமைத்துப் போட்டதற்கு நைனா தட்டை வழித்துவிட்டு எழுந்து போவார். சித்தி வந்து ஒரு மாதத்தில் ஒரு மாங்காய்த் துண்டுக்கு அதை வாங்கிவிட்டாள். அம்மா கதவோரம் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்த விதத்தில் தண்ணீர் பாதி தளும்பிக் கொட்டியது.

அம்மாவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் தோசை தெருவுக்கே தெரிந்த தோசை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக, துணி மடிப்பது போல் மடித்துப் போடுவாள். அவளுடைய தோசைக்கல்லை வேறு யாரும் தொடக் கூடாது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதோடு சரி, புளி, சாம்பல், சோப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. "கல்லு மூஞ்சியக் கழுவினா அது நம்மள மறந்துடும்" என்பாள். சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தோசையைக் கணக்கில்லாமல் தின்று வளர்ந்தவர். அடுப்படியில் அவள் ராஜ்ஜியம்தான். பின்கட்டிலிருந்து வரிக்கல் புகை வரும்வரை.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் எரிந்தது. ஆனால் என் எரிச்சல் வேறு மாதிரி. சித்தி முதல் துண்டை எப்போதும் என் தம்பிக்குத்தான் கொடுப்பாள். அவன் சின்னவனாம். நான் அம்மா கட்சி என்று சொல்லிக்கொண்டே பின்கட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். கொடுத்தால் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வருவேன். அம்மா பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைப் பின்னுகிற சாக்கில் முடியை முகர்ந்து பார்ப்பாள்.

"அவ கையால துன்னுட்டு வர்றியா?"

"இல்லம்மா."

"பொய் வேற. தல பூரா பொகை நாத்தம். போ, அங்கியே போய்ப் பின்னிக்கோ."

பாதிப் பின்னலோடு என்னை விட்டுவிடுவாள். நானும் அழுதுகொண்டே போய் சித்தியிடம்தான் மீதியைப் பின்னிக்கொள்வேன். வேறு என்ன செய்வது?

சித்தி அந்தக் கல்லிலேயே மீனும் வாட்டினாள், கோழியும் வாட்டினாள். மறுநாள் துடைத்துவிட்டு வாழைக்காய் போட்டாள். எங்கள் வீட்டில் கவுச்சிப் பாத்திரம் தனி. "எல்லாத்துக்கும் ஒரே கல்லா? பாகாலாவுல அப்படித்தான் போல" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். சித்தி கேட்காதது போல விசிறியால் கரியை விசிறுவாள்.

தம்பிதான் விஷயத்தை முற்றவைத்தான். ஒரு நாள் காலையில் அம்மா போட்ட தோசையைத் தள்ளிவிட்டு, "கோடு போட்டதுதான் வேணும்" என்று அடம்பிடித்தான். அம்மா அவனை அடிக்கவில்லை. அடுப்புக் கம்பியைத் தணலில் பழுக்கவைத்து, தோசை மேல் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். கோடு கோணல்மாணலாக வந்தது, இரண்டு இடத்தில் தோசை ஓட்டையாகிவிட்டது. தம்பி அதைப் பார்த்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதான். பல் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த சித்தப்பா சிரித்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அம்மா அந்தத் தோசையைச் சுருட்டி மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

ஆவணி கடைசியில் சித்தி தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பாகாலாவுக்குப் போனாள். அன்று எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நைனாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா என்னை ஜாடையாகப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வரிக்கல். பக்கத்தில் மாவுச் சட்டி.

"கோடு போட்ட தோசை துன்றியா?" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பெண் போல இருந்தாள்.

கல் காயும்வரை சித்தியைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சுவரைப் பார்த்துத் திட்டிய நாட்களில் எல்லாம் அவள் ஓரக்கண்ணால் பாடம் படித்திருக்கிறாள் என்று. மாவை ஊற்றினாள். மேட்டில் தங்காமல் மாவு பூராவும் பள்ளத்துக்குள் இறங்கி ஓடியது. கரண்டியின் அடியால் தேய்க்கப் பார்த்தாள். வரிகளில் தட்டித் தட்டி நின்றது. எண்ணெயைச் சுற்றி விட்டுக் காத்திருந்தாள். ஓரத்தில் தோசைத் திருப்பியை நுழைத்துப் பார்த்தாள். வரவில்லை.

"தீயுதும்மா" என்றேன்.

"அதுவா விடும்" என்றாள் அம்மா. சித்தியின் அதே வார்த்தை, அதே நிதானம். "விடலன்னா இன்னும் வேவலன்னு அர்த்தம்."

கத்திரிக்காய்க்கு உள்ள சட்டம் தோசை மாவுக்குக் கிடையாது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கல்லில் அவள் ஒரு நாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. இது சித்தியின் கல், சித்தியின் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டாள். புகை கறுப்பாக வந்தபோதும் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு திடீரென்று எழுந்து கல்லைக் கீழே இறக்கினாள். பள்ளம் பள்ளமாக மாவு கரியாகிப் பிடித்திருந்தது. மேலே மட்டும் வெந்தும் வேகாததுமாகக் கொஞ்சம் பிய்ந்து வந்தது. அதை என் கையில் வைத்து, "துன்னு, துன்னு, நல்லாத்தான் கீது" என்றாள். தின்றேன். ஒரே கசப்பு.

கொட்டாங்கச்சியால் சுரண்டினாள். கொண்டை ஊசியைப் பிடுங்கி ஒவ்வொரு வரியாகக் கீறினாள். போகவில்லை. மறுநாள் சித்தி வந்துவிடுவாள். கடைசியில் புளியை ஊறவைத்து, செங்கல் தூளைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். தன் கல்லுக்கு எதைச் செய்யவே கூடாது என்பாளோ அத்தனையும் அந்தக் கல்லுக்குச் செய்தாள். வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்திருந்த கல் சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிற்று. காயட்டும் என்று அதைத் துணி துவைக்கும் கல்மேல் சாய்த்துவைத்தாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வேலையில் அதை மறந்துபோனாள். காலையில் பார்த்தால் கல் மேலெல்லாம் செக்கச்செவேலென்று துரு.

காலை வண்டியில் வந்த சித்தி, பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கல்லு..."

"பொரட்டாசி வருதில்ல" என்றாள் அம்மா, அவள் முடிப்பதற்குள். "கவுச்சி பட்டது. பெருமாள் மாசத்துக்கு ஆவாதுன்னு தேச்சு வெச்சேன்."

சித்தி அங்கேயே உட்கார்ந்தாள். துருப்பிடித்த கல்லை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகத் தடவினாள். மூலையில் எதையோ நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் புரட்டாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கவுச்சிப் பாத்திரங்களை அந்த மாதம் பரணில் ஏற்றிவிடுவோம். அதுதான் வழக்கம். யாரும் தேய்ப்பதில்லை. இது நைனாவுக்குத் தெரியாதா? சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"பரண்ல ஏத்த வேண்டியத யாராச்சும் புளி போட்டுத் தேய்ப்பாங்களா? உன் கல்ல ஒரு நாளாச்சும் தேச்சிருக்கியா? அந்தப் பொண்ணு நல்லா சமைக்குதேன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"அண்ணி, நீங்களா இப்படிப் பண்ணீங்க?" என்றார் சித்தப்பா.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உலை வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. நைனா தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன்.

"நைனா, அம்மா வேணும்னு பண்ணல. தோசதான் ஊத்துச்சு. வரல. ஒட்டிக்கிச்சு."

நைனா என்னைப் பார்த்தார். அத்தனை கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கம்மாவுக்கா தோச வரல? இந்தச் சித்தூர்ல வேற எவளுக்கு வராம போனாலும் உங்கம்மாவுக்கு வரும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடீ."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். சமையலறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தொடையில் திருகிக் கிள்ளினாள். "யாரு உன்ன சொல்லச் சொன்னது? இனிமே தோசன்னு வாயத் தொறந்தே, தோல உரிச்சுடுவேன்." கிள்ளிய இடம் கன்றிப்போயிற்று. ஆனால் அவள் முகத்தில் கோபம் மட்டும் இல்லை. என்ன இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அவள் சமையலைப் பற்றி நைனா வாயால் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

அந்தப் புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சியும் இல்லை, பேச்சும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் சித்தப்பா திருப்பதியில் வேலை தேடிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சித்தி அந்தத் துருப்பிடித்த கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி வண்டிக்குப் பின்னால் ஓடினான். அதற்குப் பிறகு கல்யாணம், சாவு என்றால்தான் இரண்டு வீடும் சந்தித்துக்கொண்டது. கூடப்பிறந்தவன் பிரிந்துபோன துக்கத்தை நைனா கடைசிவரை அம்மா மேல்தான் இறக்கிவைத்தார். "ஒரு கல்லுக்காக என் தம்பியத் தொரத்தினவ" என்பார், விருந்தாளிகள் முன்னாலேயே. அம்மா அப்போதெல்லாம் தோசையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. நைனா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. சித்தப்பாவும் இல்லை.

போன ஆனியில் திருப்பதியில் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தியின் பேரன் பெண்டாட்டி புதிதாக வாங்கிய கிரில் பேனில் மக்காச்சோளமும் காளானும் வாட்டிக்கொண்டிருந்தாள். கோடு சரியாக விழவில்லை என்று அலுத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி சித்தி, "கல்லு இன்னும் காயல. அதுக்குள்ள வெச்சிட்ட" என்றாள். அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மா அதுல தோச ஊத்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டீ."

நான் அவள் நாற்காலியை ஒட்டி நகர்ந்தேன்.

"மூலையில மாவு ஒட்டிக்கினு இருந்துச்சு. மோந்து பாத்தேன். வெந்தய வாசன. கல்ல நாசம் பண்றவ மாவரைச்சு ஊத்தியா நாசம் பண்ணுவா?"

"அப்ப ஏன் சித்தி சொல்லல?"

"சொல்லியிருந்தா? எல்லாரும் சிரிச்சிட்டு விட்டிருப்பாங்க. நான் எப்ப தனியா வர்றது?" காளானை வாயில் போட்டு மென்றாள். பல் இல்லாததால் நேரம் ஆயிற்று. "உங்க சித்தப்பா நான் இன்னா செஞ்சு போட்டாலும், துன்னுட்டு, எங்கண்ணி தோச மாதிரி வராதும்பாரு. தெனம் தெனம். எனக்கு எரியாதா? அந்த வீட்ல இருந்தா கடசி வரைக்கும் எங்கண்ணி தோசதான். அதான் வாய மூடிக்கினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புது பேனைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். தட்டில் எனக்கும் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

மறுநாளே சித்தூருக்கு அம்மாவைப் பார்க்க ஓடினேன். தம்பி வீட்டில் இருக்கிறாள். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. இத்தனை வருடம் தாங்கிய பழி இறங்கட்டும் என்று ஆசை ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்திக்குத் தெரியுமாம், நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று அன்றைக்கே தெரியுமாம், அவள்தான் மறைத்துவிட்டாளாம் என்று.

அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு தோச வரலன்னு அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியுமாம்."

முகம் கறுத்துவிட்டது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"உங்க நைனாகிட்ட சொன்னாளா?"

"இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லல."

"அவரு போற வரைக்கும்?"

"போற வரைக்கும் சொல்லல."

அம்மா அப்படியே தலையணையில் சாய்ந்தாள். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இளகிவிட்டது.

"நல்லவ" என்றாள். "அவ மனசு தங்கம்டீ."

குடும்பத்தைப் பிரித்தவளுக்கு அந்தப் பட்டம். அம்மாவுக்காக அன்றைக்கு உண்மையைச் சொன்னவள் நான். இத்தனை வயதுக்கு என்னை ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை.